அத்தாவின் கணக்கு

உழைப்பைப் புகழாத மேடை நம் நாட்டில் இல்லை. திருவள்ளுவப் பெருந்தகை ‘மடி இன்மை’, ‘ஆள்வினை உடைமை’ என அடுத்தடுத்து இரண்டு அதிகாரங்களை முயற்சியின் மேன்மைக்கென வகுத்தார். தன் கையால் உழைத்து உண்பதை இஸ்லாமிய மார்க்கமும் உயர்த்திப் பேசுகிறது. வகுப்பறையில் இவற்றையெல்லாம் ஏறத்தாழ 20 ஆண்டுகளாகக் கற்பித்து வருகிறேன். ஆயினும் உழைப்பு என்ற சொல்லின் பொருளை நான் எந்த அகராதியிலும் தேடியதில்லை. வைகறைத் தொழுகைக்கு முன்பே எழுந்து, தொழுது முடித்து, வாசலில் நிற்கும் மிதிவண்டியைத் துடைத்துக்கொண்டிருக்கும் ஒரு மனிதரின் உருவமாகவே அச்சொல் எனக்கு அறிமுகமாயிற்று. அவர் என் தந்தையார். எங்கள் வீட்டு வழக்கில் அத்தா.

மலர்க்குழுவினர் என்னிடம் கட்டுரை கேட்டபோது, என் ஆய்வுப் பொருளான சீறாப்புராணத்தைப் பற்றி எழுதித் தருவதாகவே ஒப்புக்கொண்டேன். எழுத அமர்ந்த பொழுதில் உமறுப் புலவர் ஒதுங்கிக்கொள்ள, 2024ஆம் ஆண்டில் தம் 88ஆம் அகவையில் எங்களைப் பிரிந்த அத்தா முன்வந்து நின்றார். ஆசிரியப் பெருமக்களும், சமுதாயப் பெரியோர்களும், மாணவச் செல்வங்களும் பொறுத்தருள வேண்டும். இது ஆய்வுக் கட்டுரையன்று. ஒரு மகன் எழுதும் கணக்கு. இதில் வரவும் உண்டு, கடனும் உண்டு.

ஊரும் பேரும்

எங்கள் ஊர் நெருப்பெரிச்சல். இப்பெயரைக் கேட்டதும் புதிய மாணவர்கள் புன்னகை புரிவார்கள். ‘நெருப்பு’ என்னும் வன்தொடர்க் குற்றியலுகரச் சொல்லின் முன் ‘எரிச்சல்’ வர, உகரம் கெட்டு, எஞ்சிய மெய்யின்மேல் உயிரேறி ‘நெருப்பெரிச்சல்’ ஆயிற்று என்று கரும்பலகையில் எழுதிக் காட்டி, அந்தப் புன்னகையைப் புணர்ச்சிப் பாடமாக மாற்றிவிடுவது என் வழக்கம். அத்தாவுக்கு இலக்கணம் தெரியாது. “நெருப்பும் எரிச்சலும் ஊர்ப் பேரோட நிக்கட்டும், வீட்டுக்குள்ள வரக்கூடாது” என்பது அவர் உரை. வீட்டில் எவர் குரல் உயர்ந்தாலும் இவ்வொரு வாக்கியத்தைச் சொல்லிவிட்டுத் திண்ணைக்குப் போய்விடுவார்.

திருப்பூருக்கு வடபுறத்தில், சோளக் காடுகளுக்கும் கிணற்றுத் தோட்டங்களுக்கும் நடுவே இருந்த சிற்றூர் அது. நான் சிறுவனாயிருந்தபோது தனி ஊராட்சியாக விளங்கியது. 2011ஆம் ஆண்டில் திருப்பூர் மாநகராட்சியோடு இணைந்தது. ஒரு கவுண்டர் வீட்டு வளவில் இருந்த ஓட்டுவீட்டில் நாங்கள் வாடகைக்குக் குடியிருந்தோம். ‘பாய் வீடு’ என்றால் ஊரில் எவரும் வழிகாட்டுவர். பெருநாளைக்கு எங்கள் வீட்டு நெய்ச்சோறு அவர்கள் வீட்டுக்குச் செல்லும். பொங்கலுக்கு அவர்கள் வீட்டுக் கரும்பு எங்கள் வாசலில் சாய்ந்து நிற்கும். மூன்று அக்காமார், ஓர் அண்ணன், கடைக்குட்டியாக நான் என ஐவர் அந்த ஓட்டுவீட்டில் வளர்ந்தோம்.

காதர்பேட்டைக்கு வந்த சிறுவன்

அத்தாவின் தந்தையார் வாரச் சந்தைகளில் வெற்றிலை பாக்கு விற்றவர். அவர் இளவயதிலேயே காலமாகிவிட, ஐந்தாம் வகுப்பு வரை மட்டுமே படித்திருந்த அத்தா 1948ஆம் ஆண்டில், தம் 12ஆம் வயதில், திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் எடுபிடியாகச் சேர்ந்தார். கூட்டுவது, தேநீர் வாங்கி வருவது, நூல் மூட்டை சுமப்பது, பின்னிய துணியைச் சுருட்டி அடுக்குவது ஆகியவை முதற் பணிகள்.

அந்நாளில் திருப்பூருக்குப் பனியன் தொழில் புதியது. பருத்திச் சந்தையாகவும், அரைவை ஆலைகளின் ஊராகவும், கதர் இயக்கத்தின் பெரும் நிலையமாகவும் பெயர் பெற்ற ஊர் அது. 1932ஆம் ஆண்டு சனவரியில் கொடியைக் கைவிடாமல் அடிபட்டு உயிர் நீத்த குமரனால் நாடறிந்த ஊர். அவ்வூரில் முதற் பனியன் ஆலையை நிறுவியவர் என்று குலாம் காதர் சாகிபின் பெயரைச் சொல்வது மரபு. கல்கத்தாவிலிருந்து வந்த கைப்பின்னல் இயந்திரங்களில் தொடங்கிய தொழில், 1930களில் பைக்காரா மின்சாரம் கொங்குநாட்டை எட்டியபின் வேரூன்றியது. காதர்பேட்டை என்னும் பெயரைச் சொல்லும்போதெல்லாம் அத்தாவின் முகத்தில் ஒரு சிறு பெருமிதம் தோன்றும். அடுத்த கணமே, “ஒரு ஆள் விதை போட்டாரு, தண்ணி ஊத்துனது அத்தனை சாதி சனமும்” என்று தம் பெருமிதத்தைத் தாமே திருத்திக்கொள்வார்.

எடுபிடிச் சிறுவன், கையால் சுழற்றும் பின்னல் இயந்திரத்தில் கைதேர்ந்தான். பின்பு தையல் பழகினான். 25 வயதில் வெட்டு மேசைக்கு வந்து ‘கட்டிங் மாஸ்டர்’ ஆனான். பனியன் துணி குழாய் வடிவில் பின்னப்பட்டு வரும். சலவைப் பட்டறைக்குச் சென்று வெளுத்து வந்த துணியை மேசைமேல் மடிப்பு மடிப்பாக விரித்து, அளவு அட்டையை வைத்துக் கோடிட்டு, பெரிய கத்தரியால் ஒரே ஓட்டமாக வெட்ட வேண்டும். 80 சென்டிமீட்டர், 85, 90 என மார்பளவுக்கேற்ப அட்டை மாறும். கழுத்துக்கும் கைக்குழிக்கும் வெட்டி எடுத்தவை ‘வேஸ்ட்’ ஆகிவிடும். கோடு சற்று நகர்ந்தால் அடுக்கிலிருக்கும் அத்தனை பனியனும் கோணலாகும். அட்டையைத் தாராளமாக இட்டால் துணி வீணாகும். முதலாளியின் இலாபமும், தையற்காரரின் நேரமும், அணிபவரின் வசதியும் அந்த ஒரு கோட்டில் அடங்கியிருந்தன. அத்தாவின் வலக்கைக் கட்டைவிரலின் அடியில் கத்தரி பதிந்து பதிந்து ஒரு காய்ப்பு விழுந்திருந்தது. எங்கள் தலையை அவர் தடவும்போது அந்தக் காய்ப்பு முதலில் உறைக்கும். அதன் பிறகே அன்பு தெரியும்.

இத்தகைய தந்தையரை நம் சமுதாயம் பல ஊர்களில் கண்டிருக்கிறது. முன்னாள் குடியரசுத் தலைவர் ஆ.ப.ஜெ. அப்துல் கலாம் அவர்களின் தந்தையார் ஜைனுலாப்தீன், அறுபது வயதைக் கடந்த பின்னும் விடியற்காலையில் தொழுதுவிட்டுத் தென்னந்தோப்புக்கு நடந்து சென்று, தேங்காய்களைத் தோளில் சுமந்து வீடு திரும்புவார் என்பதைக் கலாம் தம் வாழ்க்கை வரலாற்றில் எழுதியிருக்கிறார். இராமேசுவரத்தில் படகு கட்டி யாத்திரிகர்களை ஏற்றிச் சென்ற அப்பெரியவர் 100 வயதைக் கடந்து வாழ்ந்து 1976ஆம் ஆண்டில் மறைந்தார். அப்பகுதியைப் படித்துக் காட்டியபோது அத்தா கேட்ட வினா என்னைத் திகைக்க வைத்தது. “அவரோட மத்த புள்ளைங்க என்ன பண்ணுனாங்க? அதையும் எழுதியிருக்காரா?” கலாமைப் படிக்க வைப்பதற்கு அவருடைய தமக்கையார் தம் நகைகளை அடகு வைத்த செய்தியைச் சொன்னேன். அத்தா நெடுநேரம் ஒன்றும் பேசவில்லை. அந்த மௌனத்தின் பொருளை நான் பல ஆண்டுகள் கழித்தே உணர்ந்தேன்.

127 நாள்

1984ஆம் ஆண்டு திருப்பூர்ப் பனியன் தொழிலாளர் வரலாற்றில் மறக்க முடியாத ஆண்டு. பஞ்சப்படி கேட்டு அவர்கள் நடத்திய வேலைநிறுத்தம் 127 நாள் நீடித்தது. அப்போது எனக்கு நான்கு வயது. பிற்காலத்தில் அம்மா சொல்லக் கேட்டவையே என் நினைவாகிவிட்டன.

அத்தாவுக்கு அப்போது 48 வயது. சங்கத்தில் பொறுப்பேதும் வகித்தவரல்லர், ஊர்வலத்தில் முழக்கமிட்டவருமல்லர். எல்லாரும் இறங்கினார்கள், அவரும் இறங்கினார். இரண்டாம் மாதம் முடியும் தறுவாயில், ஓரிரவு, ஒரு கம்பெனியிலிருந்து ஆள் வந்தது. ஊருக்கு வெளியே ஒரு வீட்டில் மேசை போட்டிருப்பதாகவும், இரவில் மட்டும் வந்து துணியை வெட்டிக் கொடுத்தால் இரட்டைக் கூலி தருவதாகவும் சொன்னார்கள். கட்டிங் மாஸ்டர் இன்றி எந்தக் கம்பெனியும் நடவாது என்பது அவர்களுக்குத் தெரியும். அம்மா கதவின் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். அன்று அடுப்பில் இருந்தது கம்பங்கூழ். மளிகைக் கடையில் கடன் ஏறி நின்றது. அம்மாவின் காதணிகள் அடகில் இருந்தன.

அத்தா சொன்ன மறுமொழி எங்கள் குடும்பத்தில் பழமொழியாகவே நிலைத்துவிட்டது: “சேந்து இறங்கிட்டோமுங்க, சேந்துதான் ஏறணும்.” வந்தவர் போய்விட்டார்.

இந்நிகழ்ச்சியை எத்தனையோ முறை பெருமையோடு சொல்லியிருக்கிறேன். மாணவர்கள் கைதட்டியிருக்கிறார்கள். ஆனால் கதையை நான் அந்த இடத்திலேயே நிறுத்திவிடுவது வழக்கம். அதற்கு மேலும் ஒரு பகுதி உண்டு.

அந்த வாரமே, எட்டாம் வகுப்பில் படித்துக்கொண்டிருந்த அண்ணனை ஈரோட்டில் உறவினர் ஒருவரின் மளிகைக் கடைக்கு அனுப்பினார் அத்தா. அண்ணனுக்கு வயது 13. கணக்கில் வகுப்பிலேயே முதல்வன். வேலைநிறுத்தம் முடியும்வரை வீட்டில் சாப்பிடும் வாய் ஒன்று குறையட்டும் என்பதே எண்ணம். நிறுத்தம் முடிந்தது, அண்ணனும் திரும்பி வந்தான். ஆனால் மளிகைக் கடன் முடியவில்லை. “ஒரு வருசம் மட்டும் போ, அடுத்த ஜூன்ல பள்ளிக்கூடம் சேத்துவிடறேன்” என்று சொல்லித் தாம் வேலை பார்த்த கம்பெனியிலேயே அண்ணனைக் ‘கைமடி’யாகச் சேர்த்துவிட்டார் அத்தா. தையற்காரரின் அருகில் நின்று, தைத்த துண்டுகளை வாங்கி, தொங்கும் நூலை நறுக்கி, மடித்து அடுக்கித் தரும் சிறுவனுக்குக் கைமடி என்று பெயர். குழந்தைத் தொழிலாளர் தடைச் சட்டம் வந்தது 1986ஆம் ஆண்டில்தான். வந்த பின்னரும் கைமடிச் சிறுவர்கள் உடனே மறைந்துவிடவில்லை.

12 வயதில் பள்ளியை விட்ட தந்தை, தம் பிள்ளைகள் அப்படி நிற்கக்கூடாது என்று உறுதி பூண்டிருந்தவர். அவரே தம் மூத்த மகனை 13 வயதில் அழைத்துச் சென்று அதே வாசலில் நிறுத்தினார். அடுத்த ஜூன் வந்தது. அக்காவின் திருமணமும் வந்தது. அதற்கடுத்த ஜூனும் வந்தது. அண்ணன் பள்ளிக்குத் திரும்பவில்லை. நான் பள்ளிக்குச் சென்றேன். நண்பகலில் சத்துணவு உண்டேன். மாலையில், வேலை முடிந்து வரும் அண்ணன் என் கணக்கு நோட்டை வாங்கிப் பார்த்து, தவறாகப் போட்டவற்றைச் சுழித்துக் காட்டுவான். ஒன்பதாம் வகுப்பு வந்ததும் அது நின்றுபோயிற்று. “இதுக்கு மேல எனக்குத் தெரியாது தம்பி” என்று நோட்டைத் திருப்பித் தந்தான்.

ஆறு இயந்திரங்கள்

1970களின் இறுதியில் இத்தாலியிலிருந்து வந்த வெரோனா என்னும் வணிகரின் வழியே திருப்பூரின் நேரடி ஏற்றுமதி தொடங்கியதென்பர். 1990களில் அது பெருவெள்ளமாயிற்று. வெள்ளைப் பனியன் மட்டுமே கண்ட ஊர், நூறு வண்ணங்களில் மேலாடை தைத்துக் கப்பலேற்றியது. பெரிய கம்பெனிகள் தமக்கு வந்த பணியைச் சிறு கூடங்களுக்குப் பகிர்ந்தளித்தன. அத்தா தம் 56ஆம் வயதில், பிறர் ஓய்வை எண்ணும் பருவத்தில், நெருப்பெரிச்சலில் ஒரு தகரக் கொட்டகை போட்டு ஆறு இயந்திரங்களை இறக்கினார். ஓவர்லாக் மூன்று, பேட்லாக் இரண்டு, சிங்கர் ஒன்று. ‘பாய் பவர் டேபிள்’ என்று ஊரார் பெயரிட்டனர். வெட்டும் பணி அத்தாவுடையது. இயந்திரம் பழுதாவது முதல் இரவுப் பணிக்கு ஆள் பிடிப்பது வரை மற்ற அனைத்தும் அண்ணனுடையவை.

சனிக்கிழமை மாலை அத்தாவுக்குப் புனிதமான பொழுது. உழைத்தவனின் கூலியை அவன் வியர்வை காயும் முன்பே கொடுத்துவிட வேண்டும் என்ற கருத்துடைய நபிமொழியை ஜும்ஆ உரையில் கேட்டிருந்தார். கேட்டதோடு நில்லாமல் கடைப்பிடித்தும் வந்தார். ஒரு சனிக்கிழமை, பணம் தர வேண்டியவர் கைவிரித்துவிட்டார். ஆறு தையற்காரர்களும் கொட்டகையில் காத்திருந்தனர். அத்தா மிதிவண்டியில் திருப்பூருக்குச் சென்றார். இரவு ஒன்பது மணிக்கு மேல் நடந்தே திரும்பினார். மிதிவண்டியும் கைக்கடிகாரமும் தெரிந்த ஒருவரிடம் ஈடாக நின்றன. கூலியை எண்ணிக் கொடுத்துவிட்டு, கால் கழுவி, இஷாத் தொழுதார். அந்த வாரம் தமக்கென்றோ அண்ணனுக்கென்றோ அவர் ஒரு ரூபாயும் எடுக்கவில்லை. அண்ணனுக்கு அப்போது மணமாகிக் கைக்குழந்தையும் இருந்தது.

2011ஆம் ஆண்டு சனவரியில், கழிவுநீரை முற்றிலும் சுத்திகரிக்கும்வரை திருப்பூர்ச் சாய, சலவைப் பட்டறைகளை மூட வேண்டுமெனச் சென்னை உயர்நீதிமன்றம் ஆணையிட்டது. சாயம் போட வழியில்லாததால் தைக்கத் துணி இல்லை. எங்கள் கொட்டகை பல மாதம் அரை உயிராகக் கிடந்தது. நீதிமன்றத்தை ஏசியவர்கள் உண்டு. அத்தா ஏசவில்லை. “நொய்யல்ல நான் குளிச்சிருக்கேன். உங்க யாருக்காச்சும் அந்தக் குடுப்பினை உண்டா? ஆத்தைக் கொன்னுட்டுத்தானே துணிக்கு நிறம் ஏத்துனோம்” என்றார். அதே வேளையில் தம்மை நம்பியிருந்தவர்களைக் கைவிடவும் அவருக்கு மனமில்லை. தையற்காரர்களுக்குப் பாதிக் கூலியாவது கொடுத்து நிறுத்திக்கொள்ள விரும்பினார். ஊருக்கு வெளியே வாங்கிப் போட்டிருந்த மூன்று சென்ட் நிலத்தை விற்றார்.

அந்த மூன்று சென்ட், அண்ணன் வீடு கட்டுவதற்கென வாங்கிய நிலம்.

பத்திரத்தில் கையெழுத்திட அத்தாவை அழைத்துச் சென்றவனும் அண்ணனே. நான் அப்போது கல்லூரியில் விரிவுரையாளன். தொலைபேசியில் செய்தி கேட்டு, “அத்தாவைப் போல ஒரு மனிதர் உண்டா அண்ணே” என்று நெகிழ்ந்தேன். மறுமுனையில் சிறிது நேரம் இயந்திர ஓசை மட்டுமே கேட்டது. “இல்ல தம்பி” என்றான் அண்ணன்.

பொறுத்தம் கேட்டது

2017ஆம் ஆண்டில் அத்தா ஹஜ்ஜுக்குப் புறப்பட்டார். பிள்ளைகள் சேர்ந்து அனுப்பினோம். புனிதப் பயணம் செல்பவர் கடன்களைத் தீர்த்து, மனம் நோகச் செய்தவர்களிடம் மன்னிப்பும் பொறுத்தமும் கேட்டுச் செல்வது நம் வழக்கம். 81 வயதில் அத்தா வீடு வீடாகச் சென்றார். வளவுக் கவுண்டரிடம் கேட்டார். பழைய தையற்காரர்களைத் தேடிப் பிடித்துக் கேட்டார். முப்பது ஆண்டுகளுக்கு முன் வாய்ச்சண்டை போட்ட ஒரு மேலாளரை மருத்துவமனைக் கட்டிலில் கண்டு, கையைப் பற்றிக் கேட்டார். அம்மாவிடம் கேட்டார். அக்காமாரிடமும் என்னிடமும் கேட்டார்.

இறுதியாகக் கொட்டகைக்குப் போனார். அண்ணன் மேசையில் துணி விரித்துக்கொண்டிருந்தான். அத்தா மேசையின் மறுமுனையில் நின்று துணியின் ஓரத்தைப் பிடித்துக் கொடுத்தார். இருவரும் அவ்வாறே நாலைந்து மடிப்புப் போட்டார்கள். நான் வாசலில் நின்றிருந்தேன். அத்தா வாய் திறந்தார், மூடினார். “மிசினுக்கு எண்ணெய் போட மறந்துடாதே” என்று சொல்லிவிட்டு வெளியே வந்துவிட்டார். ஊரனைத்திடமும் பொறுத்தம் கேட்ட மனிதர், ஒரே ஒருவனிடம் கேட்காமலே மக்கா சென்றார்.

இதை அவர்மீது குற்றமாக எழுதவில்லை. சிறு கடனைக் கேட்டவுடன் தீர்த்துவிடலாம். மிகப் பெரிய கடனைப் பற்றிப் பேசவே நா எழுவதில்லை.

திரும்பி வந்த பின்னும் அத்தா ஓயவில்லை. வெட்டும் பணியைக் கண்பார்வை அனுமதிக்கவில்லை. எனவே கொட்டகையில் ஒரு முக்காலியில் அமர்ந்து, தைத்த ஆடைகளில் தொங்கும் நூலைச் சிறு கத்தரியால் நறுக்கிக்கொண்டிருப்பார். 1984ஆம் ஆண்டில் அண்ணன் செய்த அதே கைமடி வேலை. ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்த இளைஞர்கள் அவரைத் ‘தாதா’ என்று அழைத்தார்கள். 2020ஆம் ஆண்டுப் பொதுமுடக்கத்தில் அவர்கள் ஊர் திரும்ப வழியின்றித் தவித்தபோது, கொட்டகையிலேயே அவர்களுக்குச் சோறாக்கச் செய்தார். ஆக்கியது அண்ணி.

கடன் கேட்க வந்தவர் இல்லை

2024ஆம் ஆண்டில் அத்தா படுக்கையில் விழுந்தார். ஓரிரவு நானும் அண்ணனும் அருகில் இருந்தோம். அத்தா கண் திறந்து அண்ணனின் கையைத் தேடினார். வார்த்தை வார்த்தையாக, இடைவெளி விட்டுச் சொன்னார்: “அந்த ஜூன் மாசம்... சேத்து விடறேன்னு சொன்னேன்... பொறுத்துக்க.”

நாற்பது ஆண்டுகள் கடந்திருந்தன. எந்த ஜூன் என்று அண்ணன் கேட்கவில்லை. போர்வையின் ஓரத்தை நீவி மடித்துக்கொண்டே இருந்தான். பிறகு, “நான் எப்பவோ பொறுத்துட்டேன் அத்தா” என்றான். அவன் குரலில் ‘எப்பவோ’ என்ற சொல் சற்றே தடுக்கியதை நான் கவனித்தேன். பொறுத்திருந்தான் என்பது உண்மை. அது எளிதாயிருந்ததில்லை என்பதும் உண்மை.

நான்காம் நாள் அத்தா வஃபாத்தானார். ஜனாஸாத் தொழுகைக்கு முன்பு வாரிசு ஒருவர் எழுந்து நின்று, மறைந்தவர் எவருக்கேனும் கடன் பட்டிருந்தால் தம்மிடம் பெற்றுக்கொள்ளுமாறும், மனத்தாங்கல் இருந்தால் மன்னித்துவிடுமாறும் கேட்பது நம் முறை. அண்ணன் எழுந்து நின்றான். வளவுக் கவுண்டர் குடும்பத்தார், தையற்காரர்கள், வடநாட்டு இளைஞர்கள் என ஊரே திரண்டிருந்தது. “எங்க அத்தா யாருக்காச்சும் கடன் தர வேண்டியிருந்தா என்கிட்ட வாங்கிக்கங்க” என்றான் அண்ணன்.

எவரும் வரவில்லை. அன்றும் வரவில்லை, நாற்பது நாளிலும் வரவில்லை. பெரியவர் ஒருவர் என் தோளைத் தட்டி, “கடனில்லாப் போன மனுசன்” என்றார். நான் தலையசைத்தேன். ஆனால் என் கண்கள் அண்ணனைவிட்டு அகலவில்லை. அத்தா பெருங்கடன் பட்டிருந்த ஒரே மனிதன், கடன்காரர்களை அழைக்கும் பொறுப்பில் நின்றுகொண்டிருந்தான். அத்தாவின் நேர்மைக்குக் கூலி கொடுத்தவன் அவன். 127 நாளின் மானத்துக்குத் தன் படிப்பைக் கொடுத்தான். தொழிலாளரின் பாதிக் கூலிக்குத் தன் மனையைக் கொடுத்தான். ஊர் அத்தாவைப் பாராட்டியது, தகும். அந்தப் பாராட்டில் பங்கு கேட்காதவனையும் சேர்த்தே கணக்கெழுதுவது இன்னும் தகும்.

நன்றியுரையில் விடுபட்டது

நல்லடக்கம் முடிந்து சில வாரங்களுக்குப் பின், பழைய பெட்டியில் என் எம்.ஃபில். ஆய்வேடு கிடைத்தது. அந்த இரண்டாண்டும் மாதந்தோறும் எனக்குப் பணவிடை அனுப்பியவன் அண்ணன். அனுப்புநர் இடத்தில் அத்தாவின் பெயர் இருக்கும். கையெழுத்து அண்ணனுடையதாக இருக்கும். ஆய்வேட்டைப் புரட்டி நன்றியுரைப் பக்கத்துக்கு வந்தேன். நெறியாளருக்கு நன்றி. துறைத்தலைவருக்கு நன்றி. நூலகருக்கு நன்றி. தட்டச்சு செய்தவருக்கு நன்றி. உழைத்து உருவாக்கிய அத்தாவுக்கும் அன்பு வளர்த்த அம்மாவுக்கும் நன்றி. அண்ணனின் பெயர் இல்லை.

ஒற்றுப்பிழைக்காக அந்தப் பக்கத்தை மும்முறை படித்துத் திருத்தியது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. இந்தப் பிழை மட்டும் கண்ணில் படவில்லை. 13 வயதில் பள்ளியை விட்ட அண்ணன், ஆய்வேடு வந்த நாளில் அதைக் கையில் வாங்கி, முதற்பக்கத்திலிருந்து மெல்ல எழுத்துக்கூட்டியதுபோல் படித்தான். அந்தப் பக்கத்தையும் படித்திருப்பான். ஒன்றும் சொல்லவில்லை. “அட்டை நல்லா இருக்கு தம்பி” என்று மட்டும் சொன்னான்.

மாணவச் செல்வங்களே, உங்கள் கல்விக்கு எவர் பணம் கட்டுகிறார் என்பதை நீங்கள் அறிவீர்கள். விண்ணப்பப் படிவத்தில் அதற்கென ஓரிடம் உண்டு. உங்கள் பொருட்டுக் கல்வியை நிறுத்திக்கொண்டவர் எவர் என்பதற்குப் படிவத்தில் இடமில்லை. அக்காவாக இருக்கலாம், அண்ணனாக இருக்கலாம், உங்கள் தாயாராகவே இருக்கலாம். வீட்டில் கேட்டுப் பாருங்கள். அவர்கள் உயிரோடிருக்கும்போதே கேளுங்கள்.

அண்ணனின் கொட்டகை இன்றும் ஓடுகிறது. சனிக்கிழமைக் கூலி இன்றும் சனிக்கிழமையே தரப்படுகிறது. அவன் மகள் கணிதப் பட்டப் படிப்பில் சேர்ந்திருக்கிறாள். அவளுடைய கட்டணத்தை நான் செலுத்துகிறேன். அதைக் கடன் தீர்ப்பது என்று சொல்ல எனக்கு உரிமையில்லை. கடனை ஒப்புக்கொண்டதற்கு அடையாளம் என்று மட்டும் சொல்லலாம்.

எல்லாம் வல்ல இறைவன் எங்கள் அத்தாவின் பிழைகளைப் பொறுத்து, அவரது உழைப்பை ஏற்று, உயரிய சுவனத்தில் இடமளிப்பானாக! இந்த மலர் அச்சாகி வந்ததும் முதற்படியை நெருப்பெரிச்சலுக்கு எடுத்துச் செல்வேன். என் ஆய்வேட்டின் நன்றியுரையில் 20 ஆண்டுகளுக்கு மேலாக விடுபட்டிருந்த வரி இதுதான் என்று சொல்லி, வெட்டு மேசைமேல் வைப்பேன். அண்ணன் படித்துவிட்டு அட்டையைப் பற்றித்தான் ஏதேனும் சொல்வான். சொல்லட்டும்.